முப்பது லட்சம் ரூபாய், இருபது பிள்ளைகள், ஒன்றரை மணி நேரம்!

மேசைமேல் நாலு பீட்ஸா டப்பா. சுற்றிலும் பதினைந்து, பதினாறு, பதினேழு வயசுப் பிள்ளைகள் இருபது பேர். ஒருத்தி வாலிபால் ஜெர்சியைக்கூட மாற்றாமல் நேராக மைதானத்திலிருந்து ஓடி வந்திருக்கிறாள். ஒருவன் ட்ரம்பெட் பெட்டியை நாற்காலிக்கு அடியில் தள்ளிவிட்டு உட்காருகிறான். ஆளுக்கொரு விண்ணப்பக் கட்டு, ஆளுக்கொரு ஹைலைட்டர். எட்டு மணிக்கு வீட்டுக்குக் கிளம்புவதற்குள் இவர்கள் 40,000 டாலரை ஊருக்குப் பங்கிட்டாக வேண்டும். நம் கணக்கில் 30 லட்சம் ரூபாய்க்கு மேல். பள்ளிக்கூடத்தில் நடத்தும் மாதிரிச் சட்டசபை போல விளையாட்டில்லை இது. நிஜப் பணம், நிஜ செக், நிஜமாகவே அதற்குக் காத்திருக்கும் பெரியவர்கள்!

இந்த அறைக்குள்தான் எட்டிப் பார்க்கப் போகிறோம்.

இடம், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலம். அங்கே ஒருவரிடம் எந்த ஊர் என்று கேட்டுப் பாருங்கள். மேப்பைத் தேட மாட்டார். வலக்கையைத் தூக்கி விரித்து, இடது கை விரலால் ஓர் இடத்தைத் தொட்டு, ‘இங்கே’ என்பார். மாநிலத்தின் தென்பாதி அச்சு அசல் கையுறை வடிவம். கட்டைவிரல் பக்கத்துக்குப் பெயரே ‘தம்ப்’. நான் காட்டும் கூட்டம் அந்தக் கையில் எந்த விரலில் நடக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். 80க்கும் மேற்பட்ட ஊர்களிலும் வட்டாரங்களிலும் நடக்கும் சங்கதியை ஒரே அறைக்குள் கூட்டி வைத்திருக்கிறேன். அதிகாரப்பூர்வப் பெயர் ‘யூத் அட்வைசரி கவுன்சில்’. பிள்ளைகள் வாயில் அது ‘யாக்’. யாக் என்ற பனிமலை எருமையின் படம் போட்ட டி-ஷர்ட்டுகள் தயாராவதற்கு வேறு காரணம் வேண்டுமா?

சரி, இவர்கள் கையில் இவ்வளவு பணம் எப்படி வந்தது? கார்ன்ஃபிளேக்ஸ் கொடுத்தது! பேட்டில் கிரீக் என்ற ஊரில், டாக்டர் அண்ணன் நடத்திய ஆரோக்கிய விடுதியில் வருஷக்கணக்காகக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர் வில் கீத் கெல்லாக். 1906ல் சொந்தமாக கார்ன்ஃபிளேக்ஸ் கம்பெனி ஆரம்பித்தார். காலை டிபனையே மாற்றிப்போட்ட காசு கொட்டியது. 1930ல் குழந்தைகளுக்காக ஓர் அறக்கட்டளை வைத்தார். பிறகு தன் கம்பெனிப் பங்குகளில் 6.6 கோடி டாலருக்கு மேல் அதற்கே எழுதிக் கொடுத்துவிட்டார்.

எண்பதுகளின் கடைசியில் அந்த அறக்கட்டளையின் தலைமையில் இருந்தவர் ரஸல் மாபி. பழத்தோட்டக் குடும்பத்துப் பையன். கிராமத்துப் பிள்ளைகளுக்கான ‘ஃபோர்-எச்’ சங்கத்தில் வளர்ந்தவர். அவர் காலத்தில் மிச்சிகனின் சமூக அறக்கட்டளைகளுக்கு முன்னால் ஒரு தூண்டில் போடப்பட்டது. சமூக அறக்கட்டளை என்பது ஊர் மக்கள் போட்ட பணத்தை முதலாக வைத்து, வரும் வருமானத்தை அந்த ஊருக்கே செலவழிக்கும் அமைப்பு. தூண்டில் என்னவென்றால், ஊரில் நீங்கள் 2 டாலர் திரட்டினால் கெல்லாக் அறக்கட்டளை 1 டாலர் போடும், 10 லட்சம் டாலர் வரைக்கும். எந்த ஊர் வேண்டாம் என்று சொல்லும்? ஆனால் தூண்டிலில் முள் இருக்குமல்லவா. கெல்லாக் பணம் இளைஞர்களுக்கான நிரந்தர நிதியாக இருக்க வேண்டும். அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று இளைஞர்களே சொல்ல வேண்டும்.

கோட்டு சூட்டு போட்ட வங்கிக்காரர்களும் வக்கீல்களும் நிறைந்த இயக்குநர் குழுக்கள் இதைக் கேட்டு எப்படி விழித்திருக்கும் என்று நினைத்துப் பார்த்தாலே எனக்குச் சிரிப்பு வருகிறது. பிள்ளைகளுக்காகப் பணம் என்றால் சந்தோஷம். பிள்ளைகள் கையில் பணம் என்றால்? இருந்தாலும் பத்து லட்சம் பத்து லட்சம்தானே. 1991ல் திட்டம் ஓட ஆரம்பித்தது. மாநில அறக்கட்டளைகளின் கூட்டமைப்பும் அதன் தலைவி டாரத்தி ஜான்சனும் ஊர் ஊராக இதைக் கட்டியெழுப்பினார்கள். மாநிலத்தின் 83 கவுண்டிகளில் எந்த மூலையில் இருப்பவருக்கும் ஒரு சமூக அறக்கட்டளை உண்டு என்ற நிலை வந்தது. கூடவே யாக்குகளும் வந்து சேர்ந்தன.

அசலைத் தொடக்கூடாது என்பதுதான் இதில் சூட்சுமம். 10 லட்சம் டாலர் அப்படியே முதலீட்டில் கிடக்கும். அதிலிருந்து வருஷத்துக்கு நூற்றுக்கு நாலோ ஐந்தோ எடுப்பார்கள். அதுதான் நம் மேசைமேல் கிடக்கும் நாற்பதாயிரம். போன வருஷம் இங்கே உட்கார்ந்திருந்தவர்கள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். இன்றைக்குத் தொட்டிலில் கிடப்பவர்கள் ஒருநாள் இதே நாற்காலிகளில் உட்காருவார்கள். பணம் மட்டும் அங்கேயே இருக்கும்.

சமூக அறக்கட்டளை என்ற யோசனையே 1914ல் கிளீவ்லாந்தில் ஃபிரெடரிக் காஃப் என்ற வங்கிக்காரர் தொடங்கி வைத்தது. செத்துப்போனவர் உயிலில் எழுதிவைத்த காரியத்துக்கே பணம் காலாகாலத்துக்கும் கட்டுண்டு கிடக்கிறதே, ஊரின் தேவை மாறினாலும் அசைய மாட்டேன் என்கிறதே என்பது அவர் கவலை. செத்தவர் பிடியிலிருந்து பணத்தை விடுவிக்கக் கிளம்பிய யோசனை, முக்கால் நூற்றாண்டில் ஓட்டுப் போடக்கூட வயசு வராதவர் கைக்கு வந்து சேர்ந்திருக்கிறது. இந்த வேடிக்கையை காஃப் பார்த்திருக்க வேண்டும்!

இருங்கள், அறையில் மணி ஆறரை. கூட்டம் ஆரம்பிக்கிறது. தலைமை பன்னிரண்டாம் வகுப்புப் பெண். ‘தீர்மானம் கொண்டுவருகிறேன்’, ‘வழிமொழிகிறேன்’ என்று சகலமும் முறைப்படி. அமெரிக்காவில் எந்தக் கூட்டத்துக்கும் வேதப் புத்தகம் ஹென்றி ராபர்ட் 1876ல் வெளியிட்ட கூட்ட விதிகள். ராணுவ இஞ்சினியரான அவரை ஒரு சர்ச் கூட்டத்துக்குத் தலைமை தாங்கச் சொல்ல, கூட்டம் அமளிதுமளியாகி, அந்த அவமானத்தில் படிக்க ஆரம்பித்து எழுதிய புத்தகம் அது. மிச்சிகன் பிள்ளைகள் வாயில் பீட்ஸாவை வைத்துக்கொண்டே அந்த விதிகளைப் பிசகாமல் சொல்வதைக் கேட்டால் ராபர்ட்டுக்கு மனசு ஆறியிருக்கும்.

முதல் சுற்றிலேயே கூத்து. “அடுத்த விண்ணப்பம், பள்ளி ரோபோட்டிக்ஸ் அணி. யாருக்காவது சம்பந்தம் உண்டா?”

எட்டுக் கைகள் மேலே போகின்றன.

மிச்சிகனில் ரோபோட்டிக்ஸ் பைத்தியம் கொஞ்ச நஞ்சமல்ல. உயர்நிலைப் பள்ளிகளுக்கான ‘ஃபர்ஸ்ட்’ ரோபோ போட்டிகளில் அமெரிக்காவிலேயே அதிக அணிகள் உள்ள மாநிலம் அது. விதிப்படி, தான் இருக்கும் அணி பணம் கேட்டால் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு வெளியே போக வேண்டும். பேசக்கூடாது, ஓட்டுப் போடக்கூடாது. எட்டுப் பேரும் எழுந்து வராந்தாவுக்கு நடக்கிறார்கள். மிச்சம் பன்னிரண்டு. கோரம் இருக்கிறதா என்று அவசரமாக எண்ணுகிறார்கள். இருக்கிறது! கதவுக் கண்ணாடி வழியாக எட்டு ஜோடிக் கண்கள் உள்ளே நடப்பதை உதட்டசைவில் படிக்கப் பார்க்கின்றன. ஒருத்தி எழுந்து போய் அந்தக் கண்ணாடியில் காலி பீட்ஸா டப்பாவை நிறுத்தி மறைக்கிறாள். மாநகராட்சிக் கூட்டங்களில் வளர்ந்தவர்களுக்கே வராத பழக்கம் பதினாறு வயசில் வந்துவிடுகிறது.

அடுத்தது ஒரு கோடை முகாம். கேட்பது 8,000 டாலர். இங்கேதான் ஹைலைட்டர்கள் வேலை செய்கின்றன. பெரியவர்கள் மானிய விண்ணப்பம் படித்தால் நோக்கம், குறிக்கோள், தொலைநோக்கு என்று முதல் பக்கத்திலேயே நெகிழ்ந்துவிடுவார்கள். இவர்கள் நேரே கடைசிப் பக்கத்துக்குத் தாவி பட்ஜெட்டைப் பார்க்கிறார்கள்.

“டி-ஷர்ட்டுக்கு 600 டாலரா?”

“முகாம் என்றால் டி-ஷர்ட் கொடுப்பார்கள்.”

“என் வீட்டில் அந்த மாதிரி பதினோரு டி-ஷர்ட் கிடக்கிறது. ஒன்றையாவது போட்டிருக்கிறேனா?”

யாரும் பதில் சொல்லவில்லை. டி-ஷர்ட் அடிபட்டுப் போகிறது. அடுத்த வரி, ‘பீட்ஸா, 250 டாலர்’. அறையில் ஒரு சின்ன அமைதி. பார்வைகள் மேசையைத் தொட்டுத் திரும்புகின்றன. அதை மட்டும் யாரும் வெட்டவில்லை!

மானியக் குழுக்களோடு வேலை செய்தவர்கள் சொல்வது இதுதான்: பெரியவர்களைவிடப் பிள்ளைகள் கையை இறுக்கிப் பிடிக்கிறார்கள். எனக்கு இதில் ஆச்சரியமில்லை. பெரியவர்களுக்குக் கேட்பவர் முகம் பழக்கம். ரோட்டரி சங்கத்தில் பார்த்திருப்பார்கள், சர்ச்சில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள், முகத்தாட்சண்யம் கையைப் பிடித்து இழுக்கும். பிள்ளைகளுக்கு அந்த முகாம்தான் பழக்கம். போன வருஷம் போய் கொசுக்கடி பட்டு வந்தவர்களே இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். யாருக்காகச் செலவாகிறதோ அவர்களே மதிப்பெண் போட்டால் வேறு எப்படி இருக்கும்?

நேரில் போய்ப் பார்க்கும் வேலையும் உண்டு. விண்ணப்பித்த அமைப்புக்கு ஒரு சனிக்கிழமை நாலைந்து பேர் போவார்கள். இயக்குநர் சுற்றிக் காட்டுவார், புது கம்ப்யூட்டர் அறை, சுவர் நிறைய சான்றிதழ் என்று. பிள்ளைகள் ஆமாம் சாமி போட்டுக்கொண்டே நடப்பார்கள். திடீரென்று ஒருவனைக் காணோம். எங்கே? பின்கட்டில் மூன்றாம் வகுப்புக் குட்டிகளோடு தரையில் உட்கார்ந்து சீட்டு விளையாடிக்கொண்டிருக்கிறான். அங்கேதான் நிஜ அறிக்கை கிடைக்கிறது. ‘அந்த கம்ப்யூட்டரை எங்களைத் தொடவே விட மாட்டாங்க’ என்று எட்டு வயசு ஒரு பதினாறு வயசிடம்தான் சொல்லும்; கோட்டு போட்ட ஆளிடம் சொல்லுமா?

எதற்குப் பணம் தருவது என்பதும் கண்மூடித்தனமாக முடிவாவதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பள்ளிகளில் கருத்துக்கணிப்பு எடுப்பார்கள். கேள்விகளை எழுதுவதில், முடிவைப் பிரித்துப் படிப்பதில் பிள்ளைகளுக்குப் பங்குண்டு. பெரியவர்களிடம் கேட்டால் போதைப்பழக்கம் என்று முதலில் சொல்வார்கள். பிள்ளைகள் பட்டியலில் மன அழுத்தம், தூக்கமின்மை, சாயங்காலம் போக ஓர் இடம் இல்லை என்பதெல்லாம் வரிசை கட்டும். சமீப ஆண்டுகளில் பல ஊர்களில் மனநலம்தான் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. அந்தப் பட்டியலை வைத்துத்தான் விண்ணப்பங்களை எடை போடுகிறார்கள். வரிவிலக்குப் பெற்ற அமைப்பா, பள்ளியா என்று சரிபார்க்கவும் வேண்டும். ‘501 சி 3’ என்ற வரிச்சட்டப் பிரிவை பதினைந்து வயசுப் பையன் சர்வசாதாரணமாகச் சொல்வதைக் கேட்டால் ஆடிட்டர்கள் ஆனந்தக் கண்ணீர் விடுவார்கள்.

இப்போது அறையில் மணி ஏழே கால். கையில் மிச்சம் 7,000 டாலர். மூன்று விண்ணப்பம். முகாமுக்கு டி-ஷர்ட் போக 7,400. வராந்தா எட்டுப் பேரின் ரோபோ அணிக்கு 3,000. கடைசியாக, வாரக்கடைசி சாப்பாட்டுப் பை திட்டத்துக்கு 4,000. அமெரிக்காவின் பல பள்ளிகளில் உள்ள ஏற்பாடு இது. பள்ளியில் மதியச் சாப்பாட்டை நம்பி இருக்கும் குழந்தைக்கு வெள்ளிக்கிழமையோடு அது நின்றுபோகும். திங்கள் வரை தாக்குப்பிடிக்க, யாருக்கும் தெரியாமல் புத்தகப்பைக்குள் ஒரு சாப்பாட்டுப் பையை வைத்து அனுப்புவார்கள்.

பாதி பாதியாகக் கொடுக்கலாமே என்கிறான் ஒருவன். முகாம் பணத்தில் பெரும்பகுதி பஸ் வாடகை. “அரை பஸ் ஓடுமா?” என்கிறாள் தலைவி. சிரிப்பு. யாரோ மீண்டும் டி-ஷர்ட்டை இழுக்கிறார்கள், யாரோ தீர்மானம் என்கிறார்கள், வழிமொழிய ஆளில்லாமல் அது விழுகிறது.

இவ்வளவு நேரம் வாயே திறக்காத ஒரு பையன் சாப்பாட்டுப் பை விண்ணப்பத்தைத் தட்டுகிறான். “இதில் டின்னில் அடைத்த ரவியோலி, சூப்பெல்லாம் இருக்கிறது. எந்த டின் என்று கேட்டீர்களா? மேலே வளையம் வைத்து இழுத்துத் திறக்கும் டின்தான் வேண்டும். வீட்டில் டின் ஓப்பனர் இல்லையென்றால் ஏழு வயசுப் பிள்ளை என்ன செய்யும்?”

உனக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டார்களே, அந்தப் பக்குவத்துக்கே ஒரு மானியம் கொடுக்கலாம். நிபந்தனையோடு 4,000 டாலர் தீர்மானமாகிறது: வளையம் வைத்த டின்கள் மட்டும். கைதூக்கியவர் அத்தனை பேரும்.

இத்தனை ரகளையிலும் மூலையில் ஒருவர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, கவனித்தீர்களா? அறக்கட்டளையின் ஊழியர், இந்தப் பிள்ளைகளுக்கு ஆலோசகர். பீட்ஸா வாங்கி வந்தவர், போட்டோகாப்பி எடுத்தவர், அம்மாக்களுக்கு மெசேஜ் அனுப்பியவர் எல்லாம் அவர்தான். முடிவெடுக்கும் நேரத்தில் அவர் வேலை ஒன்றே ஒன்று, பேசாமல் இருப்பது. சொல்லுங்கள், லேசான வேலையா அது? பிள்ளைகள் தப்பான பக்கம் சாய்வது மாதிரி தெரியும்போது பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க எத்தனை அப்பா அம்மாவால் முடியும்?

பெயரில் ‘அட்வைசரி’ என்று இருப்பதால், பிள்ளைகள் எடுத்தது சட்டப்படி பரிந்துரைதான். பெரியவர்கள் உட்காரும் இயக்குநர் குழு ஒப்புக்கொண்ட பிறகுதான் செக் கிளம்பும். பெரும்பாலும் அது அப்படியே ஒப்புதலாகிவிடுகிறது. பிள்ளைகளை அந்தக் குழுவிலேயே உட்கார வைத்தால் என்ன என்ற கேள்வி மிச்சிகனில் சட்டம் வரைக்கும் போயிற்று. 1998ல் சட்டத்தைத் திருத்தி, லாபநோக்கற்ற அமைப்புகளின் இயக்குநர் குழுவில் 16, 17 வயசுக்காரர்கள் உறுப்பினராகலாம் என்றார்கள். சிகரெட் வாங்க முடியாது, ஓட்டுப் போட முடியாது, ஆனால் அறக்கட்டளையின் இயக்குநராகலாம்!

எனக்கு ஒரு குறையும் உண்டு. இந்த மாதிரிக் குழுக்களுக்கு முதலில் கை தூக்குவது யார்? ஏற்கெனவே மாணவர் தலைவர், ஏற்கெனவே முதல் மதிப்பெண், கல்லூரி விண்ணப்பத்தில் இன்னொரு வரி சேர்க்கத் துடிக்கும் பிள்ளை. பஸ் வசதி அரிதான ஊர்களில் சாயங்காலக் கூட்டத்துக்கு வர கார் வேண்டும், அல்லது கொண்டுவந்து விட, அந்த நேரத்தில் வேலை இல்லாத ஓர் அப்பா வேண்டும். டின் ஓப்பனர் பற்றித் தெரிந்த பையன் அன்றைக்கு அறைக்குள் இருந்தது அதிர்ஷ்டம். அதை அதிர்ஷ்டத்துக்கு விடாமல், வேறு வேறு பள்ளிகள், தெருக்கள், குடும்பங்களிலிருந்து தேடிப் பிடித்து, போக்குவரத்துக்கும் ஏற்பாடு செய்யும் ஊர்களில்தான் யாக்குக்கு நிஜ வாசனை.

கார்ன்ஃபிளேக்ஸ் காசு மட்டும்தான் இப்படி என்று நினைத்துவிடாதீர்கள், லிப்ஸ்டிக் காசும் உண்டு! டொரோன்டோவில் பிறந்த ‘மேக்’ ஒப்பனைப் பொருள் கம்பெனியை நிறுவியவர்களின் குடும்பம், டோஸ்கன் கசாலே அறக்கட்டளை வழியாக 2002ல் கனடாவில் இன்னொரு வகையை ஆரம்பித்தது. அங்கே குழு கிடையாது; வகுப்பே களத்தில் இறங்கும். மாணவர்கள் அணி அணியாகப் பிரிந்து, உள்ளூரில் ஒரு சேவை அமைப்பைத் தேர்ந்து, நேரில் போய்ப் பார்த்து, பிறகு மேடையேறி அதற்காக வாதாடுவார்கள். ஜெயித்த அணியின் அமைப்புக்கு 5,000 டாலர். ஸ்காட்லாந்தில் இதை வுட் அறக்கட்டளை நடத்துகிறது. பரிசு 3,000 பவுண்டு. மேடை என்று வந்துவிட்டால் சும்மா இருப்பார்களா, நாடகம், பாட்டு, வீடியோ, கண்ணீர் எல்லாம் உண்டு. மிச்சிகன் அறையின் ஹைலைட்டர் ரகளைதான் எனக்கு ஒரு படி மேல். மேடையில் ஒரு நல்ல காரியத்துக்காக வாதாடுவதைவிட, இரண்டு நல்ல காரியங்களில் ஒன்றுக்கு இல்லை என்று சொல்வது கஷ்டம்.

அந்த ‘இல்லை’யையும் பிள்ளைகளே எழுத வேண்டியிருக்கிறது. கடைசியில் ரோபோ அணிக்கு மிச்ச 3,000 போய்விட, முகாமுக்குக் கடிதம் எழுதும் வேலை இரண்டு பேர் தலையில் விழுகிறது. ‘வருத்தத்துடன் தெரிவிக்கிறோம்’ என்று ஆரம்பித்து அழிக்கிறார்கள். டி-ஷர்ட் விஷயத்தைச் சொல்லலாமா, கூடாதா என்று அரைமணி நேர வாக்குவாதம். சொன்னால் மனசு புண்படும். சொல்லாவிட்டால் அடுத்த வருஷமும் டி-ஷர்ட்டோடு வருவார்கள். கடைசியில் எழுதுகிறார்கள்: பஸ்ஸுக்கு மட்டும் கேட்டால் அடுத்த சுற்றில் மறுபடி படிக்கிறோம்.

வசந்தம் வந்ததும் இன்னொரு வேலை. கிளம்பும் பன்னிரண்டாம் வகுப்புக்காரர்கள் இடத்துக்கு ஆள் எடுக்க வேண்டும். நேர்காணல் செய்வதும் பிள்ளைகள்தான். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் அண்ணன் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு எதிரே உட்காருகிறான். யாருக்குக் கொடுப்பாய், ஏன் கொடுப்பாய் என்று ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டு வந்திருக்கிறான். தலைவி கேட்கிறாள்: “உன் சிநேகிதனோட அம்மா நடத்துற அமைப்பு பணம் கேட்குது. நல்ல அமைப்புதான். ஆனா பட்ஜெட் சரியில்லை. என்ன செய்வே?”

பையன் எச்சில் விழுங்குகிறான். “முதல்ல வெளியே போய் வராந்தாவுல நிப்பேன்.”

சேர்த்துக்கொண்டார்கள்.